100 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்கப்பட்ட நீலக் கண் டிராகன்!

சீன நாட்டில் ஒரு கோர்ட்டு ஏலம். ஆண்டு 2021. மாதம் ஜூன்.

ஏலத்துக்கு வந்த பொருள் என்ன தெரியுமா? நிலமா? வீடா? நகையா? இல்லை. ஒரே ஒரு விளையாட்டுச் சீட்டு! உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கோர்ட்டு குறித்த ஆரம்ப விலை 80 யுவான். நம் பணத்தில் ஏறக்குறைய 900 ரூபாய்.

ஏலம் இணையத்தில் நடந்தது. தொடங்கியவுடனேயே விலை தாவியது. ஆயிரம் என்றார் ஒருவர். லட்சம் என்றார் இன்னொருவர். கோடி என்றார் மற்றொருவர். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விலை 8 கோடியே 70 லட்சம் யுவானைத் தாண்டிவிட்டது. அன்றைய மதிப்பில் இது சுமார் 100 கோடி ரூபாய்!

கோர்ட்டு அதிகாரிகள் திகைத்துப்போனார்கள். "கேட்கப்படும் விலைக்கும் பொருளின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லி ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் பணம் கட்டியிருப்பார்கள்? வேடிக்கைக்காக விலையை ஏற்றிவிட்டவர்களே அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தச் சீட்டில் இருந்தது ஒரு டிராகனின் படம். உடல் வெள்ளை. கண்கள் நீலம். அதன் பெயரே "நீலக் கண் வெள்ளை டிராகன்".

கையாடல் பணம்

கோர்ட்டுக்கு இந்தச் சீட்டு எப்படி வந்தது? அதுவும் ஒரு கதைதான்.

சீனாவில் அன்ஹுய் என்று ஒரு மாகாணம். அங்கே ஒரு வாலிபர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தார். வீடு, மனைப் பதிவு சம்பந்தமான ஆபீஸ். அங்கே புழங்கிய பணத்தில் கை வைத்தார். கொஞ்ச நஞ்சம் அல்ல. ஏறக்குறைய 7 கோடி யுவான்! அந்தப் பணம் வீடியோ விளையாட்டிலும், பொம்மைகளிலும், உல்லாசப் பயணங்களிலும் கரைந்தது. பிடிபட்டார். தண்டனை அடைந்தார். அவருடைய சாமான்களைக் கோர்ட்டு ஏலம் போட்டது. அவற்றில் ஒன்றுதான் இந்த டிராகன் சீட்டு.

இது சாதாரணக் காகிதச் சீட்டு அல்ல. இந்தச் சீட்டு விளையாட்டு தோன்றி 20 ஆண்டு ஆனதைக் கொண்டாட வெளியிட்ட தங்க நினைவுச் சீட்டு. மொத்தம் 500தான் செய்தார்கள். ஆனாலும் தங்கத்துக்காக மட்டும் ஜனங்கள் அப்படிப் பாயவில்லை. டிராகனுக்காகப் பாய்ந்தார்கள்.

தாத்தாவின் பிடிவாதம்

இந்த டிராகன் பிறந்தது ஜப்பான் நாட்டில், ஒரு சித்திரக் கதையில். கதையின் பெயர் "யூகி-ஓ!". "விளையாட்டு மன்னன்" என்று பொருள். 1996-ம் ஆண்டில் ஒரு வாரப் பத்திரிகையில் இது தொடர்கதையாக வரத் தொடங்கியது. எழுதி வரைந்தவர் கசுகி தகஹாஷி.

கதாநாயகன் யூகி ஒரு பள்ளிக்கூடப் பையன். குள்ளம். கூச்ச சுபாவம். அவனுடைய தாத்தா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். தாத்தாவின் பெயர் சுகோரொக்கு. ஜப்பானில் காய் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் பழைய ஆட்டத்துக்கும் இதே பெயர்தான். தாத்தாவுக்கே ஆட்டத்தின் பெயரை வைத்துவிட்டார் ஆசிரியர்!

தாத்தாவிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. அதுதான் நீலக் கண் வெள்ளை டிராகன் சீட்டு. கதைப்படி உலகத்திலேயே நான்கு சீட்டுகள்தான் உண்டு.

கைபா என்று ஒரு பணக்காரப் பையன். யூகியின் வகுப்பில் படிப்பவன். அவன் கடைக்கு வந்து சீட்டைப் பார்க்கிறான். கண் சிமிட்ட மறந்து நிற்கிறான். ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறான். "இவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை எனக்குக் கொடுங்கள்" என்கிறான்.

தாத்தா மறுத்துவிட்டார். "இது என் ஆருயிர் நண்பன் கொடுத்தது. விலை அதிகம் என்பதற்காக நான் இதை வைத்திருக்கவில்லை. காலணாவுக்குப் பெறாத சீட்டாக இருந்தாலும் கொடுக்கமாட்டேன்" என்பது அவர் பதிலின் சாரம்.

கைபா சும்மா இருக்கவில்லை. யூகி அந்தச் சீட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கினான். நொடியில் போலிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அசலை ஒளித்துக்கொண்டான்!

யூகி ஏமாறவில்லை. இருவருக்கும் போட்டி நடந்தது. கைபா திருட்டு டிராகனை இறக்கினான். ஆனால் டிராகன் அவன் சொல்லைக் கேட்கவில்லை. தாத்தாவின் மனம் அந்தச் சீட்டில் இருந்ததாம். சண்டை போடாமல் தானாகவே அழிந்துபோனது.

அவமானப்பட்ட கைபா, மற்ற மூன்று சீட்டுகளையும் தேடி உலகமெல்லாம் வலைவீசினான். வைத்திருந்தவர்களில் ஒருவர் திவாலானார். ஒருவர் உயிரையே விட்டார். மூன்றும் அவன் கைக்கு வந்தன. பிறகு தாத்தாவைப் போட்டிக்கு இழுத்துத் தோற்கடித்தான். நான்காவது சீட்டும் அவன் கைக்கு வந்தது.

வந்ததும் என்ன செய்தான்? இரண்டாகக் கிழித்துப் போட்டான்!

ஏன்? ஒரு சீட்டுக்கட்டில் ஒரே பெயருள்ள சீட்டு மூன்றுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது ஆட்ட விதி. நான்காவது அவனுக்கு உபயோகம் இல்லை. ஆனால் இன்னொருவனிடம் இருந்தால் அவனுக்கே ஆபத்து. அதனால் கிழித்தான். இந்தக் காட்சியைப் படித்த ஜப்பான் சிறுவர்கள் கொதித்துப்போனார்கள்.

பழி வாங்கக் கிளம்பினான் யூகி. கைபாவின் மூன்று டிராகன்களும் வரிசையாக எதிரே நின்றன. யூகியின் கையில் இருந்ததோ ஒரு ராட்சதனின் உறுப்புகள். தலை ஒரு சீட்டு. கைகள் இரண்டு சீட்டு. கால்கள் இரண்டு சீட்டு. ஐந்தும் கையில் சேர்ந்துவிட்டால் உடனே வெற்றி. அந்த ராட்சதனின் பெயர் எக்ஸோடியா. கடைசி நிமிஷத்தில் ஐந்தாவது சீட்டு வந்தது. மூன்று டிராகன்களும் ஒழிந்தன.

பாதித் தண்ணீர்

தாத்தாவுக்குச் சீட்டுக் கொடுத்த நண்பர் யார்? டெலிவிஷனில் இதே கதை 2000 முதல் தொடராக வந்தபோது, அதையும் விளக்கிச் சொன்னார்கள்.

நண்பரின் பெயர் ஆர்தர் ஹாக்கின்ஸ். பழம்பொருள் ஆராய்ச்சிப் பேராசிரியர். இருவரும் எகிப்து நாட்டில் ஒரு பழைய கட்டடத்தை ஆராயப் போனார்கள். மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. உள்ளே இருவர். குடிக்க இருந்த தண்ணீரோ கொஞ்சம்தான். ஒருவர் குடித்தால் பிழைக்கலாம். இருவருக்கும் காணாது.

சீட்டாடித் தீர்மானிப்போம் என்று ஆடினார்கள். ஜெயிப்பவருக்குத் தண்ணீர். தாத்தாவின் கை ஓங்கியிருந்தது. ஆனால் ஹாக்கின்சுக்கு உடம்பு மிகவும் மோசம். அதைப் பார்த்த தாத்தா, ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். தண்ணீர் நண்பருக்குப் போயிற்று. நண்பரோ தனியாகக் குடிக்கவில்லை. தாத்தாவுக்கும் பகிர்ந்துகொடுத்தார். இருவரும் பிழைத்தார்கள். அந்த நன்றிக்குக் கொடுத்ததுதான் டிராகன் சீட்டு.

கிழிந்த சீட்டைத் தாத்தா எறிந்துவிடவில்லை. ஒட்டி வைத்துக்கொண்டார். ஒட்டுப்போட்ட சீட்டைப் போட்டியில் ஆட முடியாது. இருந்தாலும் அவருக்கு அது போதும்.

இரண்டு வாரத்துக்கு வந்தது

இவ்வளவு பெயர் வாங்கிய சீட்டாட்டம், ஆசிரியரின் முதல் திட்டத்திலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை.

தகஹாஷி 1961-ல் பிறந்தவர். 1980-களிலேயே படம் வரையத் தொடங்கிவிட்டார். பல ஆண்டுகள் பெயர் கிடைக்கவில்லை. "யூகி-ஓ!"வில் அவர் நினைத்தது, வாரத்துக்கு ஒரு விளையாட்டு. ஒரு வாரம் பகடை, ஒரு வாரம் யோயோ, ஒரு வாரம் வேறொன்று. சீட்டாட்டமும் அப்படி வந்து போகவேண்டியதுதான்.

அமெரிக்காவில் 1993-ல் ஒரு புது மாதிரி சீட்டாட்டம் வந்திருந்தது. ரிச்சர்டு கார்பீல்டு என்ற கணித அறிஞர் கண்டுபிடித்தது. சாதாரணச் சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் ஒரே 52 சீட்டு. இதில் அப்படி இல்லை. பூதம், மந்திரவாதி, டிராகன் என்று நூற்றுக்கணக்கான சீட்டுகள். கடையில் பாக்கெட்டாக வாங்கவேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்கும் வரை தெரியாது. வேண்டாததை நண்பனிடம் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அவரவர் கட்டு அவரவருக்கு. அதைப் பார்த்துத்தான் தகஹாஷி தம் கதையில் ஒரு சீட்டாட்டத்தை அமைத்தார்.

கதை வந்ததும் கடிதங்கள் குவிந்தன. "அந்தச் சீட்டாட்டம் மறுபடியும் எப்போது?" என்று சிறுவர்கள் கேட்டார்கள். ஆசிரியர் திட்டத்தை மாற்றினார். மற்ற விளையாட்டுகள் பின்னால் போயின. சீட்டாட்டமே கதை ஆயிற்று. 2004 வரை அந்தத் தொடர் ஓடியது. புத்தகமாக 38 பாகம்!

கதையில் வந்த சீட்டை நிஜமாகவே அச்சடித்து விற்கலாமே என்று கம்பெனிகளுக்கு யோசனை வந்தது. 1999-ல் கொனாமி என்ற ஜப்பான் கம்பெனி வெளியிட்ட சீட்டுகள்தான் உலகமெல்லாம் பரவின. அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோவின் பெரிய விளையாட்டு அரங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். அங்கே மட்டும் விற்கும் விசேஷச் சீட்டு என்று அறிவித்தார்கள். பிள்ளைகளும் பெற்றோர்களும் சேர்ந்து திரண்ட கூட்டத்தில் தள்ளுமுள்ளு. போலீசார் வரவேண்டியதாயிற்று.

2009-ல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இந்த ஆட்டத்துக்கு இடம் கிடைத்தது. அதுவரை விற்ற சீட்டுகள் 2,200 கோடிக்கும் மேல். அன்றைய உலக ஜனத்தொகையைப்போல் மூன்று மடங்கு!

3000-ன் பலம்

டிராகன் சீட்டில் இரண்டு எண்கள் உண்டு. தாக்கும் பலம் 3000. தடுக்கும் பலம் 2500. யூகியின் புகழ்பெற்ற மந்திரவாதிச் சீட்டின் தாக்கும் பலம் 2500-தான். ஆகவே டிராகனிடம் மந்திரவாதி தோற்பான்.

கதையில் இந்த 3000 ஏன் அவ்வளவு பயங்கரம்? அங்கே ஆட்டக்காரருக்கு உயிர்ப் புள்ளிகள் 2000-தான். நேராக ஒரு அடி விழுந்தால் தீர்ந்தது கதை! நிஜமாக விற்கப்படும் ஆட்டத்தில் புள்ளிகளை 8000 ஆக உயர்த்திவிட்டார்கள். இங்கே மூன்று அடி வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. இந்த டிராகனைச் சும்மா இறக்க முடியாது. களத்தில் உள்ள இரண்டு சீட்டுகளைப் பலி கொடுத்தால்தான் இது வரும். மூன்று டிராகன்களை ஒன்றாக இணைக்கும் சீட்டும் உண்டு. இணைந்தால் மூன்று தலை டிராகன். பலம் 4500.

வேறு எந்த மாயமும் இந்தச் சீட்டில் இல்லை. எதிரியின் சீட்டைப் பறிக்காது. செத்தால் எழுந்து வராது. பலம், பலம், பலம், அவ்வளவுதான். நாளடைவில் தந்திரம் நிறைந்த புதுச் சீட்டுகள் வந்தன. போட்டிகளில் டிராகனுக்கு மவுசு குறைந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் லாயக்கு என்று கெட்டிக்காரர்கள் சொன்னார்கள்.

2016-ல் அவர்கள் வாயை அடைக்கும் சம்பவம் நடந்தது. அந்த ஆண்டு வெளிவந்த "யூகி-ஓ!" சினிமாப் படத்தை ஒட்டி, டிராகனுக்குத் துணையாகப் புதுச் சீட்டுகள் வந்தன. ஆகஸ்டில் அமெரிக்காவில் உலகப் போட்டி. பட்டம் வென்றவர் ஒரு ஜப்பானியர். அவர் ஆடிய கட்டு நீலக் கண் டிராகன் கட்டு!

சின்னச் சின்ன செய்திகள்

ஜப்பான் மொழியில் இந்தச் சீட்டின் பெயரைச் சித்திர எழுத்துகளில் எழுதுவார்கள். ஆனால் அந்த மொழியில் படிக்கமாட்டார்கள். மேலே பொடி எழுத்தில் "புளூ ஐஸ் ஒயிட் டிராகன்" என்று உச்சரிப்பைப் போட்டிருப்பார்கள். எழுதுவது ஒன்று, படிப்பது வேறொன்று! எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர்கள் திணறியிருப்பார்கள்.

சீட்டின் இடது கீழ் மூலையில் எட்டு எண்கள் இருக்கும். நீலக் கண் டிராகனின் எண் 89631139. வீடியோ விளையாட்டுகளில் இப்படிப்பட்ட எண்களை அழுத்திச் சீட்டைப் பெறுவது வழக்கம். சொந்த வீட்டு டெலிபோன் எண் மறந்தாலும் இந்த எண் மறக்காத பிள்ளைகள் இருந்தார்கள்.

வலது கீழ் மூலையில் பளபளவென்று ஒரு சின்னக் கண் முத்திரை. அமெரிக்காவில் வந்த பழைய சீட்டுகளில், முதல் பதிப்பானால் முத்திரை பொன்னிறம். மறுபதிப்பானால் வெள்ளி நிறம். போலி பிடிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். அங்கே இந்த டிராகன் முதலில் விற்பனைக்கு வந்தது 2002-ல். முதல் பாக்கெட் வரிசைக்கு டிராகன் பெயரையே வைத்தார்கள். வரிசையில் முதல் எண்ணும் அதற்கே. மடங்காமல், நகக்குறி படாமல் அப்படியே இருக்கும் முதல் பதிப்புச் சீட்டுகள் பிற்பாடு லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறின. வாங்கிய அன்றே பள்ளிக்கூடப் பையில் போட்டுக் கசக்கியவர்கள் பெருமூச்சு விடவேண்டியதுதான்.

கதையில் நான்கே சீட்டு. கடையிலோ? கைபாவின் பெயரில் 50 சீட்டுள்ள தொடக்கக் கட்டு ஒன்று விற்றார்கள். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு டிராகன் நிச்சயம். உலகத்தையே புரட்டிக் கைபா தேடியதை, அமெரிக்கப் பையன் தின்பண்டக் காசைச் சேர்த்து வாங்கிவிட்டான்!

நண்பர்கள் யூகி, ஜோனோவுச்சி என்ற இரண்டு பெயர்களின் முதல் பகுதியையும் சேர்த்தால் "யூஜோ" என்று வரும். ஜப்பான் மொழியில் அதற்கு "நட்பு" என்று பொருள்.

டிராகனுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. தொடரின் கடைசிப் பகுதியில் அது வருகிறது. 3,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கிசாரா என்று ஒரு பெண். வெள்ளைத் தலைமுடி, நீலக் கண்கள். விசித்திரமான தோற்றத்தைக் கண்டு ஊரார் கல்லால் அடித்தார்கள். சேத்து என்ற இளம் குருக்கள் அவளைக் காப்பாற்றினான். அவளுக்குள்தான் வெள்ளை டிராகன் குடியிருந்தது. அவள் இறந்தபின் டிராகனின் உருவம் கற்பலகையில் நிலைத்தது. கைபாவின் முழுப் பெயர் சேத்தோ கைபா என்பதைக் கவனித்தால், அவனுக்கு ஏன் அந்த வெறி என்பது விளங்கும்.

கடலில் நடந்தது

2022-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. ஜப்பானின் தெற்கே ஒகினாவா தீவு. கரையிலிருந்து சுமார் 300 மீட்டர் தூரத்தில் ஒரு உடல் மிதந்தது. முகத்தில் நீர்மூழ்கிப் பார்க்கும் கண்ணாடி. கடலோரக் காவல் படையினர் உடலை மீட்டார்கள். பிறகுதான் அது கசுகி தகஹாஷி என்று தெரிந்தது. அவருக்கு வயது 60.

பொழுதுபோக்காக நீந்தப் போனவர் விபத்தில் இறந்தார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உலகமெங்கும் ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். விஷயம் அத்துடன் முடிந்தது போல இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், வேறொரு செய்தி வந்தது.

ஜூலை 4-ந் தேதி பிற்பகல். ஒகினாவாவில் முக்குளிப்பவர்கள் கூடும் ஒரு கடற்கரை. அலை கடுமையாக இருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்றில் மூன்று பேர் சிக்கிக்கொண்டார்கள். ஒரு ஜப்பானியப் பெண்மணி. அவருடைய 11 வயது மகள். ஒரு அமெரிக்கச் சிப்பாய். கரையில் நின்றவர்கள் கூக்குரல் போட்டார்கள்.

அங்கே மாணவர்களுக்கு முக்குளிக்கப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி கடலில் குதித்தார். அவர்களைக் கரைக்குக் கொண்டுவரப் படாத பாடு பட்டார். அதே நேரத்தில் இன்னொரு மனிதரும் உதவிக்காகத் தண்ணீரில் இறங்கினார். கரையிலிருந்த மாணவர்கள் அவரைப் பார்த்தார்கள். அலைக்கு மேலே தெரிந்தார். மறைந்தார். மறுபடி தெரிந்தார். பிறகு தெரியவில்லை.

அவர்தான் தகஹாஷி. அன்று பார்த்தவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் வெளிவந்த பிறகே உலகத்துக்கு இது தெரிந்தது.

சிறுமியும் தாயும் பிழைத்துக்கொண்டார்கள். சிப்பாயும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்.